உக்கும் தார்

யுத்தம் தென்காசிக்கு வரவில்லை. ஊர்க்காவல் படை வந்தது.

அந்த வருஷம் பட்டணத்தில் குண்டு விழும் என்ற பயத்தில் ஜனங்கள் ரயிலேறித் தெற்கே வந்துகொண்டிருந்தார்கள். தென்காசியில் வீட்டுக்கு வீடு விருந்தாளிகள். தெருவில் புது முகங்கள் பெருகியதும், ஊருக்கு ஒரு காவல் வேண்டும் என்று அரிசி மில் சுந்தரபாண்டியன் சொன்னார். முந்தின யுத்தத்தில் அவர் பஸ்ராவில் ஹவில்தாராக இருந்தவர். சொன்னவரே கேப்டன் ஆனார். அவர் மில்லில் மூட்டை தூக்கினவர்களும் அவருடைய மாடுகளை ஓட்டினவர்களும் படை ஆனார்கள். ஆளுக்கு ஒரு காக்கி நிக்கர், ஒரு கம்பு.

காலையில் நெல் காயும் களத்தில் படையை வரிசையாக நிறுத்துவார். அவர் விதிகளைச் சொல்லச் சொல்ல, படை திருப்பிச் சொல்லவேண்டும். காவலில் பீடி குடிக்கக் கூடாது. கம்பில் சாய்ந்து நிற்கக் கூடாது. வருகிற ஆள் தெரிந்தவனானாலும் தெரியாதவனானாலும் மறித்துக் கேட்கவேண்டும். மூன்று தரம் கேட்கவேண்டும். பதில் வராவிட்டால் காலில் ஓர் அடி. டூட்டியில் யாரையும் முறை சொல்லிக் கூப்பிடக் கூடாது. அண்ணன், மாமன், மச்சான் எல்லாம் கம்பைக் கையில் எடுக்கிறவரைதான்.

கேட்கவேண்டிய கேள்வி "உக்கும் தார்". பஸ்ரா முகாமின் வாசலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள், வருவது யார் என்று இங்கிலீஷில் "ஹூ கம்ஸ் தேர்" என்று அதட்டுவார்கள். நம்முடைய சிப்பாய்கள் காதில் விழுந்தபடி அதைச் சொல்லிச் சொல்லி அது இப்படி ஆகியிருந்தது. சொல்லவேண்டிய பதில் "பிரண்டு". வேறு எதுவும் பதில் இல்லை.

கேள்வி நெசவுத் தெருவுக்குள் வந்தபோதுதான் வினை தொடங்கியது.

நெசவுத் தெருவில் தார் என்றால் ஒன்றுதான். ஊடை நூலைச் சுற்றி, தறியில் குறுக்கும் மறுக்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழல். ஆண்கள் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்து நெய்வார்கள். பெண்கள் ராட்டையில் தார் சுற்றுவார்கள். அந்த வருஷம் நூலுக்குக் கண்ட்ரோல் வந்திருந்தது. கேப்டன் கையெழுத்துப் போட்டுச் சிபாரிசு செய்தால்தான் தெருவுக்கு நூல் சிப்பம் வரும். பாதித் தறிகள் சும்மா கிடந்தன. அப்படி ஒரு தெருமுனையில் ஒருவன் கம்போடு நின்று "உக்கும் தார்" என்று கத்தினால் என்ன பதில் வரும்?

"தார் இல்லைலே. நூலுக்கே கண்ட்ரோல்" என்றாள் ஹாஜரா பீவி, வீட்டு வாசலிலிருந்து.

தெரு சிரித்தது. மறுநாள் பிள்ளைகள் அதைப் பாட்டாக்கிக்கொண்டு படைக்குப் பின்னால் ஓடினார்கள். இரண்டு மூன்று நாளில் அது சந்தைக்குப் போய், கோயில் வாசலுக்குப் போய், கடைசியில் கேப்டனுடைய சாப்பாட்டு இலைக்கே வந்துவிட்டது. அவர் மனைவி மங்களேஸ்வரி, பட்டணத்து விருந்தாளிகளுக்கு முன்னால் அதைச் சொல்லிச் சிரித்தாள். கேப்டன் சோற்றில் கையை வைத்தபடி சிரிக்காமல் இருந்தார்.

அடுத்த நாள் களத்தில் ஒரு விதி கூடியது. கேலியாகப் பதில் சொன்னால் அதுவும் பதில் சொல்லாததுதான்.

ஹாஜரா பீவியின் ஒரே மகன் அப்துல் ஜப்பார். துண்டு நெய்வான். சீசன் மாதங்களில் குற்றாலத்துக்குப் போய், அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருகிறவர்களிடம் விற்பான். அவன் மனைவி சைதூன் பீவி அவனுக்குத் தார் சுற்றினாள்.

ரயிலடியிலிருந்து தெருவுக்கு நூல் சிப்பம் கொண்டுவருகிறவன் இசக்கி. வண்டி அவனுடையது. மாடுகள் கேப்டனுடையவை. அதனால் அவனும் படையில் இருந்தான். சின்ன வயதில் ஜப்பாரோடு சிற்றாற்றில் சேர்ந்து நீச்சல் பழகினவன். ஜப்பாரை அண்ணே என்பான். சைதூனை மதினி என்பான். வண்டியை நிறுத்தி, மதினி என்று அவன் கூப்பிடும்போது சில சமயம் அவள் தொழுதுகொண்டிருப்பாள். தொழுகையில் நிற்கும்போது யாராவது கூப்பிட்டால் பெண்கள் கையைத் தட்டுவார்கள். ஆண்கள் "சுப்ஹானல்லாஹ்" என்று சத்தமாகச் சொல்வார்கள். தொழுகையில் இருக்கிறேன், கொஞ்சம் இரு என்று அர்த்தம். உள்ளேயிருந்து கைதட்டல் கேட்டால் இசக்கி நுகத்தடியில் உட்கார்ந்துவிடுவான். வருஷக் கணக்காக அப்படித்தான். அவசரம் என்று ஒரு நாளும் அவன் சொன்னதில்லை.

ஆகவே அந்தச் செய்தி வந்தபோது சைதூனுக்கு முதலில் அழுகை வரவில்லை.

செய்தியைக் கொண்டுவந்தவர் தெருப் பெரியவர் கிதிர் முகம்மது. ராத்திரி நேரமாகியிருந்தது. ஜப்பார் துண்டு விற்றுவிட்டுக் குற்றாலத்திலிருந்து நடந்து வந்திருக்கிறான். ஊர் எல்லைக்கு வரும்போது பொழுது அடங்கி மஃரிபு தொழுகைக்கு நேரமாகிவிட்டது. ரோட்டோர வாய்க்காலில் கை கால் கழுவி, மருத மரத்தடியில் விற்காத துண்டு ஒன்றை விரித்து, மலையைப் பார்த்து நின்று தொழுதிருக்கிறான். முதுகு ஊரைப் பார்த்து இருந்திருக்கிறது. ஊர்ப் பக்கமிருந்து காவலுக்கு வந்தவர்கள் இரண்டு பேர். கேப்டன் ஒருவர். இன்னொருவன் இசக்கி. மூன்று தரம் கேட்டார்களாம். பதில் இல்லையாம். அடித்த அடியில் ஜப்பாருக்கு வலது கை எலும்பு முறிந்துவிட்டது. மில்லில் மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் வைத்திருக்கிறார்கள். நாட்டு வைத்தியர் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருக்கிறார்.

"அடிச்சது யாரு?" என்று கேட்டாள் சைதூன்.

கிதிர் முகம்மது தாடியைத் தடவினார். யார் அடித்தால் என்ன, நடந்தது நடந்துவிட்டது என்றார். அவள் திரும்பவும் அதையே கேட்டாள். இசக்கி என்றார்.

ஹாஜரா பீவி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். சைதூன் ராட்டையை எடுத்துச் சுவரோரம் வைத்தாள். இசக்கிக்குத் தெரியும். அந்த மரத்தடியில் நின்றது யார், எப்படி நின்றான், ஏன் திரும்பவில்லை என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் அந்த ஊரில் எவனும் இல்லை. அவளுக்கு நெஞ்சில் ஏறியது துக்கம் இல்லை. கொதிக்கிற ஒன்று.

காலையில் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, தூக்குச் சட்டியில் கஞ்சியோடு மில்லுக்குப் போனாள். வாசலில் மாடன் என்ற மூட்டைக்காரன் காக்கி நிக்கரோடு நின்றான். முந்தின வாரம்கூட அவள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தவன்.

"உக்கும் தார்" என்றான்.

உள்ளே கிடக்கிறவரின் மனைவி என்றாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் மறுபடியும் கேட்டான். ஹாஜரா பீவியின் மருமகள் என்றாள். அவன் மூன்றாவது தரம் கேட்பதற்கு வாயைத் திறந்தான். கம்பு கையில் கொஞ்சம் நகர்ந்தது.

"பிரண்டு" என்றாள் சைதூன்.

அவன் விலகி வழிவிட்டான். அவள் நாலு எட்டு வைத்து, நின்று, களத்து ஓரத்தில் காறித் துப்பினாள். பிறகு போனாள்.

ஜப்பார் தவிட்டு மூட்டைமேல் சாய்ந்திருந்தான். கை வீங்கி மினுமினுத்தது. அவள் கஞ்சியை ஊட்டினாள். தறியில் நாடாக் கயிற்றை இழுக்கிற கை அது.

"அவன் காலுக்குத்தான் ஓங்கினான், சைதூன். நான் அந்நேரம் சுஜூதுக்குக் குனிஞ்சிட்டேன். கை குறுக்க வந்துட்டு."

அவள் அடுத்த வாய்க் கஞ்சியை நீட்டினாள்.

"மொதக் கூப்பாட்டுலயே சுப்ஹானல்லாஹ்னு சொன்னேன். நல்லாச் சத்தமாத்தான் சொன்னேன். மூணாவது கூப்பிடும்போது அவனுக்குக் குரலே உடைஞ்சிட்டு."

"உங்களுக்கு எலும்பு உடைஞ்சிருக்கு" என்றாள்.

வெளியே வந்தபோது கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்து நெல்லைக் கையில் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளிடம் கோபமாகப் பேசவில்லை. நெல் அரைக்கிற கூலியைச் சொல்கிறமாதிரி நிதானமாகச் சொன்னார். தெருவே காவலைக் கேலி செய்கிறது. ஜப்பாரும் பிரண்டு என்று சொல்லாமல் ஏதோ கேலியாகச் சொன்னான். அவரே பின்னால் நின்று காதால் கேட்டார். சனிக்கிழமை காலை களத்தில் ஊர் கூடி விசாரணை. இசக்கி நடந்ததைச் சொல்லுவான். அதன் பிறகு ஜப்பாரைப் போலீஸில் ஒப்படைப்பார். யுத்த காலத்துச் சட்டம். காவலை எதிர்த்தவனுக்கு ஜெயில்தான். அப்படி வேண்டாம் என்றால் ஒரு வழி இருக்கிறது. கேலி செய்தது தப்புதான் என்று ஊர் முன்னால் ஜப்பார் ஒரு வார்த்தை சொல்லட்டும். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்.

"தொழுததையா கேலின்னு சொல்லணும்?" என்று கேட்டாள்.

அவர் நெல்லைக் குவியலில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

கிதிர் முகம்மதுவுக்கு அந்த வழி நல்லதாகப் பட்டது. மாலையில் வீட்டுக்கு வந்து பக்குவமாக எடுத்துச் சொன்னார். வாய் வார்த்தைதானே, மனசு அல்லாவுக்குத் தெரியும். கேப்டன் முகம் கோணினால் தெருவுக்கு நூல் வராது. ஒரு வீட்டுக்காக எத்தனை தறி நிற்பது? ஹாஜரா பீவி தலையாட்டினாள். அவளுக்கு மகன் வீடு வந்தால் போதும். என் வாயால் வந்த வினை என்று சொல்லி வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

"உங்க வாயால வரலை மாமி. நீங்க சொன்னது கேலி. அவுக சொன்னது கேலி இல்லை. ரெண்டையும் ஒண்ணாக்குததுக்குத்தான் இவ்வளவும்" என்றாள் சைதூன்.

பெரியவர் கோபித்துக்கொண்டார். பெண்கள் இப்படி எதிர்த்துப் பேசினால் நான் எதற்கு என்றார். அவள் அவருக்கும் ஏதோ சொல்ல வாயெடுத்து, மாமியார் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். மறுநாள் அவர் தாமாகவே போய் ஜப்பாரிடமும் கேட்டுப் பார்த்தார். அவன் முடியாது என்று சொல்லிவிட்டானாம். கையும் போய்த் தொழுகையும் போகவேண்டுமா என்று கேட்டானாம்.

அன்றைக்குச் சைதூன் இசக்கியின் வீட்டுக்குப் போனாள். வண்டிப்பேட்டைக்குப் பின்னால் ஓலை வீடு. இசக்கி உள்ளே இருந்தான். கயிற்றுக்கட்டில் முனகியது கேட்டது. வெளியே வரவில்லை. அவன் மனைவி பேராச்சி வாசலை மறித்து நின்றாள். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை அவனுக்கு என்றாள். சைதூன் கட்டில் இருந்த பக்கத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். நாளைக்கு நீ ஒன்றும் கூட்டிச் சொல்லவேண்டாம், நடந்ததைச் சொல், அது போதும் என்றாள். கட்டில் மறுபடியும் முனகியது.

"மாடு ரெண்டும் மொதலாளி மாடு மதினி" என்றாள் பேராச்சி. "அவுத்துட்டுப் போயிட்டார்னா நாங்க என்னத்தை வச்சுப் பொழைக்க?"

"எங்க வீட்டுல தறி இருக்கு. கைதான் இல்லை" என்றாள் சைதூன்.

பேராச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் சைதூனுக்குக் கோபம் இன்னும் ஏறியது. அடித்தவன் வீட்டிலும் அழுகை. அடிபட்டவன் வீட்டிலும் அழுகை. அடிக்கச் சொன்னவன் வீட்டில் மட்டும் நெல் காய்ந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை சாரல் இல்லை. மேற்கே மலை தெளிந்து நின்றது. களத்தில் நெல்லை ஒதுக்கிவிட்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர், வேடிக்கை பார்க்கப் பட்டணத்து விருந்தாளிகள் சிலர், சுற்றிலும் கடைத்தெருக்காரர்கள். நெசவுத் தெரு ஆண்கள் ஒரு பக்கமாக நின்றார்கள். கிதிர் முகம்மது வரவேண்டாம் என்று சொல்லியும் சைதூன் வந்து அவர்களுக்குப் பின்னால் நின்றாள். ஜப்பாரை ஒரு பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் யாரையும் பார்க்கவில்லை.

கேப்டன் எழுந்து விதிகளை எல்லாம் சொன்னார். படை வரிசையாக நின்று திருப்பிச் சொன்னது. பட்டணத்துக்காரர்களில் ஒருவர் அதை ரசித்துத் தலையாட்டினார். பிறகு இசக்கியைக் கூப்பிட்டார்கள். அவன் கம்போடு நடுவில் வந்து நின்றான். விதிப்படி கம்பில் சாயவில்லை.

முறைப்படி மறித்தானா என்று கேப்டன் கேட்டார். மறித்தேன் என்றான். எத்தனை தரம் கேட்டான்? மூன்று தரம். பிரண்டு என்று பதில் வந்ததா? வரவில்லை. காலைப் பார்த்துத்தானே ஓங்கினான்? ஆமாம். அவ்வளவுதான். கேப்டன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். விதி எதுவும் மீறப்படவில்லை, கேலி செய்தவன் பலனை அனுபவிக்கிறான் என்றார். நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்திருக்கத் தயாரானார்கள். வேட்டி மடிப்புகளைச் சரிசெய்துகொண்டார்கள்.

"பிரண்டுன்னு சொல்லலைன்னா, என்ன சொன்னாகன்னு கேளுங்க."

குரல் எங்கிருந்து வருகிறது என்று எல்லோரும் தேடினார்கள். நெசவுத் தெரு ஆண்கள் விலகினார்கள். வெள்ளைத் துப்பட்டிக்குள் சைதூன் நின்றாள். அவள் தன் தெருவைத் தாண்டி இத்தனை ஆண்களுக்கு முன்னால் பேசியதே இல்லை.

பெண்கள் பேசுகிற இடம் இல்லை என்று கேப்டன் சொன்னார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தலையாட்டி ரசித்த பட்டணத்துக்காரர், கேட்டுவிட்டால் முடிந்துபோகிற விஷயம்தானே என்றார். விருந்தாளி சொன்னதைக் கேப்டனால் தட்ட முடியவில்லை.

"ஏலே, என்ன சொன்னான்?"

இசக்கி தரையைப் பார்த்தான். "சுப்ஹானல்லாஹ்னு சொன்னாரு."

"அதுதான் கேலி" என்றார் கேப்டன்.

சைதூன் அவரைப் பார்க்கவில்லை. நேராக இசக்கியிடம் கேட்டாள்.

"நூல் கொண்டாந்து நீ கூப்பிடும்போது, நான் உள்ள கையத் தட்டினா என்ன செய்வே இசக்கி?"

அவன் கம்பைக் கை மாற்றிப் பிடித்தான்.

"நுகத்தடியில உக்காந்திருப்பேன் மதினி."

டூட்டியில் கம்பைக் கையில் வைத்துக்கொண்டு மதினி என்று சொன்னதை அவனே கவனிக்கவில்லை. படை வரிசையில் ஒருவன் கனைத்தான்.

"எதுக்கு?"

"நீங்க தொழுது முடிக்கணும்லா."

"அவுக சொன்னதுக்கு என்ன அர்த்தம்?"

"அதேதான்."

"எப்பத் தெரியும் உனக்கு? இன்னைக்கா?"

களத்தில் காக்கை ஒன்று ஒதுக்கிய நெல்லில் இறங்கியது. யாரும் அதை விரட்டவில்லை.

"அப்பவே தெரியும்" என்றான் இசக்கி.

ஜப்பார் தலையைத் தூக்கினான். இவ்வளவு நாளும் அவன் தனக்குத்தானே ஏதோ ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்திருக்கவேண்டும். காற்றில் சரியாகக் கேட்டிருக்காது என்று, பதற்றத்தில் மறந்திருப்பான் என்று. அது முகத்திலிருந்து போவதைச் சைதூன் பார்த்தாள்.

கேப்டனுக்கு நிலைமை புரிந்துவிட்டது. சட்டென்று இசக்கியின் பக்கம் திரும்பினார். "தொழுதான்னு தெரிஞ்சே எதுக்குலே அடிச்சே? நான் அடிக்கச் சொன்னேனா?"

"இல்லை மொதலாளி. நீங்க பின்னால நின்னு, மூணு ஆச்சுலேன்னு சொன்னீக."

பட்டணத்துக்காரர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரிய மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, இது நம் ஊர் விஷயம், பேசி முடித்துக்கொள்ளலாம், போலீஸுக்கு எதற்கு என்றார்கள். கிதிர் முகம்மது உடனே அதுதான் சரி என்றார். யாரோ ஜப்பாரை எழுப்பிவிட்டார்கள். யாரோ ஒருவர் ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். அவன் இடது கையால் வாங்கிப் பாதி சிந்திக் குடித்தான். மன்னிப்பு என்ற பேச்சையே அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. கேள் என்று அவனிடமும் சொல்லவில்லை, அவனிடம் கேட்கவேண்டியவர்களும் கேட்கவில்லை.

மறுநாள் களத்தில் புது விதி ஒன்று கூடியது. தொழுகையிலோ பூஜையிலோ இருப்பவனை, அது முடிகிறவரை மறிக்கக் கூடாது. கேப்டன் சொல்ல, படை திருப்பிச் சொன்னது. வரிசையில் இசக்கி இல்லை. மாடுகளை விசாரணை நடந்த அன்று மாலையே அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். முறை சொல்லிக் கூப்பிட்டதுதான் காரணம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அந்த ஒரு விதியை மட்டும்தான் அவன் மீறியிருந்தான்.

ஜப்பாருடைய கை கூடியது. நேராகக் கூடவில்லை. கட்டுப் பிரித்த அன்று தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து, நாடாக் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். நாடா பாதி தூரம் ஓடிப் பாவு நூல்களுக்குள் நின்றது. மறுபடியும் இழுத்தான். மறுபடியும் பாதியில் நின்றது. அவன் எழுந்து, கயிற்றைச் சுருட்டி மேலே மாட்டினான். அதன் பிறகு பள்ளிவாசலில் அதிக நேரம் இருக்கத் தொடங்கினான். இசக்கியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. முன்பு அவனுக்காகப் பேசினதையும் நிறுத்திவிட்டான்.

சைதூன் தறியில் இறங்கினாள். தெருவில் பெண்கள் தறியில் உட்கார்வது வழக்கம் இல்லை. முதல் துண்டு ஓரம் கோணலாக வந்தது. இரண்டாவதும் அப்படித்தான். கால் மிதியும் கை இழுப்பும் ஒன்று சேர்வதற்குள் ஒவ்வொரு தரமும் மனதுக்குள் ஒரு களமும் அதில் ஒரு நாற்காலியும் வந்துபோகும். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தால் நாடா ஓடியது. தார் சுற்றுவது மாமியாரின் வேலை ஆயிற்று.

ஆடி மாதக் கடைசியில் ஒரு பிற்பகல். சாரல் பெய்துகொண்டிருந்தது. ஜப்பார் அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருந்தான். சாத்திய கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் நின்றது. வண்டிச் சத்தம் இல்லை. தலையிலிருந்து கனமான எதையோ இறக்குகிற மூச்சு கேட்டது.

"மதினி."

ஹாஜரா பீவியின் ராட்டை நின்றது. ரயிலடியிலிருந்து நூல் சிப்பத்தைத் தலைச்சுமையாகவே கொண்டுவந்திருக்கிறான். இவ்வளவு தூரம், மழையில். திற என்று மாமியார் கையைக் காட்டினாள். பாவம் என்று உதட்டை அசைத்தாள்.

சைதூன் தறிக்குழியை விட்டு எழுந்து கதவருகே போனாள். தாழ்ப்பாளில் கை வைக்கவில்லை.

"உக்கும் தார்" என்றாள்.

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"உக்கும் தார்."

அவன் மூச்சு விடுவது கேட்டது. ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்தினான். அந்த ஒரு சொல்லைச் சொன்னால் கதவு திறக்கும் என்று அவனுக்குத் தெரியும். மில் வாசலில் அவளே அதைச் சொல்லித்தான் உள்ளே போனாள் என்பதும், மாடன் சொல்லி அவனுக்குத் தெரிந்திருக்கும்.

"உக்கும் தார்" என்றாள் மூன்றாவது தரம்.

"நான்தான் மதினி. இசக்கி."

"அந்தப் பேரு எனக்குத் தெரியும். அன்னைக்கு அவுக பேரும் உனக்குத் தெரியும்."

அவன் சிப்பத்தை இழுத்து, கூரை இறக்கத்துக்குக் கீழே நனையாத இடம் பார்த்து வைக்கிற சத்தம் கேட்டது. காலடிகள் தெருவில் இறங்கிப் போயின.

அவை தேய்ந்து மறைகிறவரை சைதூன் நின்றாள். பிறகு கதவைத் திறந்து, நூலை மட்டும் உள்ளே எடுத்து வைத்தாள்.